ஒலி எங்கே போயிற்று?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில், இயற்பியல் துறையின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம செயலாளர் போன மாதம் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் உன் தொழிலைப் பத்திப் பேசுடா" என்றார். "என் தொழிலே மத்தவங்க பேசினதைச் சுத்தம் பண்றதுதான், எனக்குப் பேச வராதே" என்றேன். விடவில்லை. ஆவணப்படங்களுக்கும் மேடை நிகழ்ச்சி வீடியோக்களுக்கும் ஒலியைத் தொகுத்துக் கொடுப்பது என் வேலை. அதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். படம் பிடிக்கும் தம்பிகளுக்கு உதவலாம். படம் பிடிக்காதவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீடியோவில் படம் கெட்டால் எடுக்கிற இடத்திலேயே தெரிந்துவிடும். ஒலி கெட்டால் அப்படித் தெரியாது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து, கோப்பைப் போட்டுக் கேட்கிறபோதுதான் தெரியும். அதற்குள் பேசியவர் போயிருப்பார், பாடியவர் போயிருப்பார்.

மீச்சிற்றளவு நினைவிருக்கிறதா?

நம் இயற்பியல் ஆய்வகத்தில் முதல் நாள் என்ன கேட்பார்கள்? "இந்தக் கருவியின் மீச்சிற்றளவு என்ன?" மீட்டர் அளவுகோலுக்கு 1 மில்லிமீட்டர். வெர்னியருக்கு 0.1 மில்லிமீட்டர். திருகு அளவிக்கு 0.01 மில்லிமீட்டர். ரெக்கார்டு நோட்டில் அதை எழுதாமல் போனால் எங்கள் பேராசிரியர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஒலியில் 'பிட்' என்பது அந்த மீச்சிற்றளவுதான். டிஜிட்டல் ரெக்கார்டர் ஒரு வினாடிக்கு 48,000 தடவை ஒலியின் உயரத்தை அளந்து எழுதுகிறது. ஒவ்வொரு தடவையும் எந்த அளவுகோலால் அளக்கிறது என்பதுதான் கேள்வி. 16 பிட் என்றால் அளவுகோலில் 65,536 கோடுகள். 24 பிட் என்றால் 1,67,77,216 கோடுகள். ஒரு பிட் கூடினால் கோடுகள் இரட்டிப்பாகும், மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி சுமார் 6 டெசிபல் கூடும். 16 பிட்டுக்கு 96 டெசிபல், 24 பிட்டுக்கு 144 டெசிபல். இது கணக்கு. உண்மையில் எந்த மின்சுற்றும் 144 டெசிபல் தராது. நல்ல கருவியே 120 டெசிபல் அளவில் தன் சொந்த இரைச்சலில் நின்றுவிடும்.

1982-இல் கடைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் 16 பிட்தான். கேட்பதற்கு இன்றைக்கும் அது போதும். பிறகு எதற்கு 24? பதிவு செய்பவனுக்காக! பேசுகிறவர் எப்போது சிரிப்பார், எப்போது முணுமுணுப்பார் என்று நமக்குத் தெரியாது. உச்சவரம்பைத் தொட்டால் ஒலி வெட்டுப்படும். அதனால் 12, 15 டெசிபல் கீழேயே அளவை வைத்துக்கொள்கிறோம். 16 பிட்டில் அப்படிக் கீழே வைத்துவிட்டுப் பிறகு உயர்த்தினால், முணுமுணுப்போடு 'ஸ்ஸ்' என்ற சத்தமும் சேர்ந்து ஏறலாம். 24 பிட்டில் அந்தப் பயம் இல்லை. தையற்காரர் தையலுக்குள் கொஞ்சம் துணி விட்டு வைப்பாரே, அதுபோல.

சார் வீட்டில் ஒரு நாள்

இப்போது கதைக்கு வருகிறேன். எங்கள் செட் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, அந்த ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்த பேராசிரியரை ஒரு நாள் முழுக்கப் பேசவைத்துப் படம் எடுப்பது என்று முடிவு செய்தோம். சாருக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. இரண்டு கேமரா, ஒரு தனி ரெக்கார்டர், சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று. மின்விசிறியை நிறுத்திவிட்டோம். எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. சார் மட்டும், "பௌதிக வாத்தியாருக்கு வேர்க்காதுப்பா" என்று சிரித்துக்கொண்டே இரண்டரை மணி நேரம் பேசினார்.

இராத்திரி என் நண்பனின் மகன், விஸ்காம் படிக்கிற பையன், கோப்புகளைத் தொகுப்பு மென்பொருளில் ஏற்றினான். படம் வந்தது. ரெக்கார்டர் கோப்பை மட்டும் மென்பொருள் ஏற்கவே மறுத்தது. கேமராக்களின் சொந்த மைக்கில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. பையன் கெட்டிக்காரன். இன்னொரு மென்பொருளில், தலைப்பைப் பார்க்காமல் வெறும் எண்களாகத் திறக்கும் 'ரா டேட்டா' வழியில் ஏற்றினான். ஏறியது. கேட்டால் குற்றால அருவி! முதலிலிருந்து கடைசி வரை ஒரே இரைச்சல்.

"அங்கிள், ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு. கார்டை ஃபார்மட் பண்ணிட்டு இன்னொரு நாள் சார் வீட்டுக்குப் போய் எடுத்துக்கலாம்" என்றான். எனக்கும் அலுப்பு. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது திரையின் ஓரத்தில் ஒரு எண் கண்ணில் பட்டது. அந்த இரைச்சலின் நீளம் மூன்றே முக்கால் மணி நேரம்!

சார் பேசியது இரண்டரை மணி. இங்கே மூன்றே முக்கால். வகுத்துப் பாருங்கள்: சரியாக ஒன்றரை மடங்கு. கெட்டுப்போன கோப்புக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வரும்?

கணக்குப் போட்டோம். கோப்பின் அளவு ஏறக்குறைய 129 கோடியே 60 லட்சம் பைட்டுகள். இரண்டரை மணி என்பது 9,000 வினாடி. வகுத்தால் வினாடிக்கு 1,44,000. அதை 48,000 ஆல் வகுத்தால் 3. ஆக ஒவ்வோர் அளவீடும் 3 பைட். அதாவது 24 பிட். பையன் திறக்கும்போது 16 பிட் என்று கொடுத்திருக்கிறான். மூன்று மூன்றாக எழுதியதை மென்பொருள் இரண்டிரண்டாக எண்ணிப் படித்திருக்கிறது. அதனால்தான் ஒன்றரை மடங்கு நீளம், அதனால்தான் அருவி.

24 பிட், ஒரு சேனல், 48,000 என்று மாற்றித் திறந்தோம். நீளம் சரியாக வந்தது. ஆனால் அப்போதும் இரைச்சல்தான்! பையன் முகம் வாடிவிட்டது. எனக்கு ஒன்று தோன்றியது. கோப்பின் தொடக்கத்தில் தலைப்பு இருக்கிறது. அதற்குள்ள பைட்டுகளும் சேர்ந்து எண்ணப்படுகின்றன. மூன்று மூன்றாக எண்ணும்போது ஓரிடம் தள்ளி ஆரம்பித்தால் கடைசிவரை எல்லாம் பிசகும். ஒரு சேனலுக்கு மூன்று வாய்ப்புத்தானே? ஒரு பைட் தள்ளி ஆரம்பித்தோம்: இரைச்சல். இரண்டு பைட் தள்ளி ஆரம்பித்தோம். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் நிசப்தம். பிறகு,

"என்னப்பா, ஆரம்பிக்கலாமா?"

சாரின் குரல். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி. எங்கள் யாராலும் சிறிது நேரம் பேச முடியவில்லை.

முதல் மென்பொருள் ஏன் மறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'வேவ்' கோப்பின் தலைப்பில் வகை எண் ஒன்று உண்டு. சாதாரண பி.சி.எம். ஒலிக்கு 1, மிதவைப் புள்ளி எண்ணுக்கு 3. 16 பிட்டுக்கு மேலோ, இரண்டு சேனலுக்கு மேலோ போனால் 'எக்ஸ்டென்ஸிபிள்' என்ற நீட்டித்த தலைப்பைப் பல கருவிகள் எழுதுகின்றன. நாங்கள் வைத்திருந்த பழைய பதிப்புக்கு அந்த நீட்டித்த தலைப்பு புரியவில்லை, அவ்வளவுதான். கோப்பில் ஒரு குறையும் இல்லை. 24 பிட்டாகவே, சாதாரணத் தலைப்போடு மறுபடி சேமித்துக் கொடுத்ததும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. மன்னிக்கவும், சத்தத்தோடு ஏற்றுக்கொண்டது!

ஐந்து வாசல்கள்

தம்பிகளே, மைக்கிலிருந்து முடிந்த படம் வரை ஒலி ஐந்து வாசல்களைத் தாண்டுகிறது. எந்த வாசலிலும் 24 பிட் 16 ஆகலாம், யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

முதல் வாசல் கருவி. ரெக்கார்டரின் மெனுவில் 24 தேர்ந்தெடுத்தாயா என்று பார். கேமராக்கள் பலவும் 16 பிட்டிலோ, சுருக்கிய ஏ.ஏ.சி. முறையிலோதான் ஒலியை எழுதுகின்றன. மைக்கின் முன்பெருக்கியிலேயே ஒலி வெட்டுப்பட்டுவிட்டால் பிற்பாடு எத்தனை பிட் போட்டாலும் மீளாது.

இரண்டாவது வாசல் இயங்குதளம். விண்டோஸில் ஒலிக்கருவி ஒவ்வொன்றுக்கும் 'இயல்பான வடிவம்' என்ற அமைப்பு உண்டு. அங்கே 16 பிட் என்று இருந்தால், பொதுவழியில் பதிவு செய்யும் மென்பொருளில் நீ 24 என்று போட்டாலும் வருவது 16 தான். மீதி 8 பிட்டில் வெறும் பூஜ்யம். மேக் கணினியில் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற இடத்தில் இதைப் பார்க்கலாம்.

மூன்றாவது வாசல் பதிவு மென்பொருள். ஓ.பி.எஸ். ஸ்டுடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 32 பிட் மிதவைப் புள்ளியில்தான் கணக்குப் போடுகிறது. ஆனால் வட்டில் எழுதும்போது வழக்கமாக ஏ.ஏ.சி. ஆகச் சுருக்கி எழுதும். சுருக்கிய ஒலிக்கு 16, 24 என்ற பேச்சே பொருந்தாது. முழு ஒலி வேண்டுமென்றால் பி.சி.எம். என்று கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது வாசல் கோப்பு என்கிற பெட்டி. சாதாரண 'வேவ்' கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் தாங்காது. அதன் தலைப்பில் அளவை எழுத 32 பிட் இடம்தான் இருக்கிறது. 24 பிட் ஸ்டீரியோ மணிக்குச் சுமார் 1.04 ஜி.பி. ஆகவே நாலு மணி நேரக் கச்சேரியை ஒரே கோப்பாக எடுக்கிறவர்கள் கவனம். சில பழைய மென்பொருள்கள் 2 ஜி.பி.யிலேயே மூச்சு வாங்கும். எம்.பி.4 பெட்டிக்குள் பி.சி.எம். ஒலியை வைத்தால் பல மென்பொருள்கள் விழிக்கும். அதற்கு மூவ் பெட்டியோ எம்.கே.வி. பெட்டியோ நல்லது.

ஐந்தாவது வாசல் வெளியேற்றம். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவசக் கருவியைப் பலர் பயன்படுத்துகிறீர்கள். ஒன்றும் சொல்லாமல் 'வேவ்' ஆக மாற்று என்றால் அது 16 பிட்டில்தான் எழுதும். 24 வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கடைசியில் 16 ஆக்கியே தீர வேண்டுமென்றால், டிதர் என்கிற மிக மெல்லிய இரைச்சலைச் சேர்த்துக் குறைப்பது முறை. இல்லாவிட்டால் ஒலி தேய்ந்து அடங்கும் இடங்களில் சொரசொரப்புக் கேட்கலாம்.

இத்தனையையும் எப்படிச் சோதிப்பது? மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு வாசலுக்கும் பிறகு கோப்பை அதில் போட்டுப் பாருங்கள். எந்த வாசலில் 24 என்ற எண் 16 ஆக மாறுகிறதோ அங்கேதான் கோளாறு. ஒன்று மட்டும் எச்சரிக்கை: எழுதியிருப்பதைத்தான் அது சொல்லும். 16 பிட் ஒலியை 24 பிட் பெட்டியில் வைத்தாலும் 24 என்றே காட்டும். கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாத்திரத்தில் ஊற்றினால் பால் அரை லிட்டர் ஆகுமா? உள்ளே உண்மையில் எத்தனை பிட் அசைகிறது என்பதை எஃப்.எஃப்.எம்பெக்கில் உள்ள ஒலிப் புள்ளிவிவர வடிகட்டி காட்டிக்கொடுக்கும்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 48,000 இல் எடுத்த ஒலியை மென்பொருள் 44,100 என்று நம்பி வாசித்தால், ஒரு மணி நேரக் கச்சேரி 65 நிமிடத்துக்கு மேல் ஓடும். சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை சுவரஸ்தானம் இறங்கிவிடும். குரல் தடித்து, பாடகருக்கு ஜலதோஷம் பிடித்தது போலக் கேட்கும். அப்போது பாடகரைக் குறை சொல்லாதீர்கள், பிட்டையும் குறை சொல்லாதீர்கள், மாதிரி எண்ணிக்கையைப் பாருங்கள். ஒலி தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக உதடு பொருந்தாமல் போனால் அது வேறு நோய். கேமரா கடிகாரத்துக்கும் ரெக்கார்டர் கடிகாரத்துக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே, ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி விலகும். 25 பிரேம் வீடியோவில் அது நாலரை பிரேம்.

என் தவறு ஒன்று

இவ்வளவு உபதேசம் செய்கிறவன் யோக்கியனா என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எங்கள் பாட்டி பாடும் தாலாட்டைப் பல வருடங்களுக்கு முன் நான் பதிவு செய்தேன். மெல்லிய குரல். மென்பொருளில் ஏற்றி அளவை நன்றாக உயர்த்தினேன். அந்த மென்பொருள் 32 பிட் மிதவைப் புள்ளியில் வேலை செய்வது. அதில் 1,500 டெசிபலுக்கும் மேல் இடம் இருக்கிறது. உச்சவரம்பைத் தாண்டினாலும் உள்ளே ஒன்றும் ஆகாது, மறுபடி இறக்கினால் பழையபடி வந்துவிடும். சிவப்பு விளக்கு எரிந்தது. "ஃப்ளோட் தானே, பரவாயில்லை" என்று இருந்துவிட்டேன். பிறகு 16 பிட்டில் வெளியேற்றினேன். அங்கே உச்சவரம்புக்கு மேல் இடமே கிடையாது. பாட்டி குரலை உயர்த்திய இடமெல்லாம் மொட்டையாக வெட்டுப்பட்டுவிட்டது. முழுசாகக் கேட்டுப் பார்க்காமல், வட்டில் இடம் இல்லையென்று மூலக் கோப்பை அழித்துவிட்டேன்.

இன்றைக்கு எங்கள் வீட்டில் அந்தத் தாலாட்டு பிசிறோடுதான் இருக்கிறது. பாட்டி இல்லை. என் மகளுக்கு அந்தப் பிசிறுதான் பாட்டியின் குரல். அதற்கு மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். அவசரப்பட்டது நான்தான்.

மாணவச் செல்வங்களுக்கு

ஆகவே தம்பி தங்கைகளே, நான் கேட்டுக்கொள்வது நாலே நாலு விஷயம்.

1. போவதற்கு முந்தின நாள், ஒரு நிமிடம் பதிவு செய்து, ஐந்து வாசலையும் தாண்டவைத்து, முடிந்த கோப்பைக் காதில் கேளுங்கள். திரையில் அலை தெரிவது போதாது.

2. கோளாறு வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலு பொத்தானை ஒரே நேரத்தில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்ததுதான் இது.

3. 'கரப்ட்' என்று சொல்லுமுன் கணக்குப் போடுங்கள். அளவு, நீளம், வினாடிக்கு எத்தனை பைட். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

4. முடிந்த படத்தை இன்னொருவர் முழுதாகக் கேட்டுச் சொல்லும்வரை மூலக் கோப்பை அழிக்காதீர்கள். அட்டையிலிருந்து இரண்டு இடத்தில் படி எடுத்த பிறகே அட்டையைத் தொடுங்கள்.

நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

படம் பிடிக்காதவர்களுக்கும் ஒரு செய்தி சொல்வதாகச் சொன்னேன். எங்கள் பேராசிரியர் அந்தப் பேட்டி முடிந்து இரண்டு மாதத்திற்குள் காலமாகிவிட்டார். "இன்னொரு நாள் போய் எடுத்துக்கலாம்" என்று பையன் சொன்ன அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. அன்றிரவு நாங்கள் அட்டையை அழித்திருந்தால், அவர் குரலாக எங்களிடம் இருப்பது அந்தக் கிணற்றுக் குரல் மட்டும்தான்.

அந்தப் பதிவில் ஓரிடத்தில் சார் காலஞ்சென்ற அம்மாவைப் பற்றிப் பேசுகிறார். குரல் அப்படியே இறங்கிவிடுகிறது, உதடு அசைவது மட்டும்தான் படத்தில் தெரிகிறது. 24 பிட்டில் இருந்ததால் அந்த இடத்தை மெல்ல உயர்த்த முடிந்தது. கூடவே ஏறி வந்தது அந்த அறையின் சத்தம்தான். வாசலில் ஒரு காகம், தெருவில் ஒரு சைக்கிள் மணி. "ஆய்வகச் சாவி என்கிட்ட இருந்துச்சு, வீட்டுச் சாவி அவகிட்ட இருந்துச்சு. நான்தான் எப்பவும் லேட்டா வருவேன்" என்கிறார். அவருடைய பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, அப்பா இதை எங்களிடம் சொன்னதே இல்லை என்றார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் கல்லூரி நாள் கேசட்டுகளும் திருமண வீடியோ டேப்புகளும் கிடக்கின்றன. அந்த நாடாக்களுக்கும் வயதாகிறது, அவற்றை ஓட்டும் கருவிகளுக்கும் வயதாகிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் ஆசிரியர்களிடம் சொல்ல இன்னும் கதைகள் இருக்கின்றன. நம் சங்கம் ஆண்டுக்கு இரண்டு ஆசிரியர்களையாவது இப்படி உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். ரெக்கார்டரும் மைக்கும் என்னுடையவை. கூலி வேண்டாம். விஸ்காம் தம்பிகள் இரண்டு பேர் கூட வந்தால் போதும், மின்விசிறியை நிறுத்தும் வேலை முதல் கற்றுக்கொடுக்கிறேன்.

இன்று என் உரையையும் இந்தத் தம்பிகள் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். 24 பிட்டா என்று மேடை ஏறுமுன் கேட்டேன். "ஆமாம் சார்" என்றார்கள். பார்க்கலாம்!